தெலோனியஸ் மங்க்: பியானோவில் தப்புத் தப்பாக வாசிக்கிறார், ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

அரைக்கட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருஷமாகக் கீபோர்டு கற்றுக்கொள்கிறேன், லண்டன் பரீட்சையில் ஐந்தாம் கிரேடு முடித்தாயிற்று. "கிளாசிக்கலோடு நின்னுடாதே, கொஞ்சம் ஜாஸ் கேளு" என்று மாஸ்டர் சொன்னார். யூடியூபில் தேடினேன். முதலில் பில் எவன்ஸ், மழை நாளில் கேட்க அருமை. அடுத்து ஆஸ்கர் பீட்டர்சன், அது விரலா தறியா என்றே தெரியவில்லை. மூன்றாவதாக வந்தவரிடம்தான் சிக்கல்.

தெலோனியஸ் மங்க் என்று பெயர். தலையில் ஒரு விநோதத் தொப்பி. விரல்களை வளைக்காமல் அப்பளம் மாதிரித் தட்டையாக நீட்டிக் கட்டையைக் குத்துகிறார். பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டைச் சேர்த்து அடிக்கிறார், காதுக்குள் கல் விழுந்தது போல இருக்கிறது. சாக்ஸபோன்காரர் வாசிக்கும்போது இவர் பியானோவை விட்டு எழுந்து போய் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி ஆடுகிறார். நான் இப்படி வாசித்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் போடுவார். கீழே கமெண்டில் பார்த்தால் ஆளாளுக்கு ஜீனியஸ் ஜீனியஸ் என்கிறார்கள். நிஜமாகவே கேட்கிறேன், கிண்டல் இல்லை. எனக்கு என்ன புரியவில்லை?

பழைய_ரெக்கார்டு எழுதியது:

தம்பி, உன் காதில் பழுதில்லை. 1947-ல் ஹார்லெமில் ரெக்கார்டு கடை வைத்திருந்தவர்கள் சொன்னதும் இதேதான். ப்ளூ நோட் கம்பெனியின் ஆல்ஃபிரட் லயன் அந்த அக்டோபரில்தான் மங்க்கை முதன்முறையாக அவர் பெயரிலேயே பதிவு செய்தார். லயனின் மனைவி லொரெய்ன் அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடைக்காரர், "அம்மா, இந்த ஆளுக்கு ரெண்டுமே இடது கை, வாசிக்கவே தெரியாது" என்று திருப்பி அனுப்பினாராம். விடாமல் 1948-ல் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் கச்சேரி பிடித்துக் கொடுத்தார். கூட்டமே வரவில்லை. கிளப் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். (அதே முதலாளியை லொரெய்ன் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டு, அவர் காலத்துக்குப் பின் அந்தக் கிளப்பையே நடத்தினார் என்பது தனிக் கதை.)

வாசிக்கத் தெரியாதவர் இல்லை. 1917-ல் வட கரோலினாவில் ராக்கி மவுண்ட் என்கிற ஊரில் பிறந்தவர். ஐந்து வயசுக்குள் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் வந்து, மேற்கு 63-ஆம் தெருவில் குடியேறினார். முதலில் அக்காவுக்குத்தான் பியானோ வகுப்பு. பக்கத்தில் நின்று பார்த்தே தம்பி பிடித்துக்கொண்டான். பிறகு முறையான பாடம், ஷோபான் எல்லாம் உண்டு. ஸ்டைவசண்ட் என்ற, கணக்கும் அறிவியலும் வலுவாக உள்ளவர்களை மட்டும் எடுக்கிற பள்ளியில் இடம் கிடைத்தது. முடிக்கவில்லை. பதின்ம வயதில் ஊர் ஊராகப் போகும் ஒரு பெண் பிரசங்கியாரின் குழுவோடு சேர்ந்து சுற்றினார். சர்ச்சில் ஜனங்களை எழுப்பி ஆட வைக்கிற வாசிப்பு அங்கே கைவந்தது. அதோடு ஹார்லெமின் ஸ்ட்ரைட் பாணி: இடது கை கீழே ஒரு பேஸ், மேலே தாவி ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து), மறுபடி கீழே என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன் வகையறா. மங்க் தனியாக வாசித்த பழைய பாட்டு ஏதாவது ஒன்றைக் கேள், இடது கை அப்படியே தாத்தா காலத்துக் கைதான்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டை விஷயத்துக்கு வருகிறேன். வயலினிலோ சாக்ஸபோனிலோ ஒரு சுரத்தை வளைக்கலாம். பியானோவில் முடியாது, இரண்டு கட்டைக்கு நடுவே ஒன்றும் கிடையாது. அவர் இரண்டையும் ஒன்றாக அடித்து, ஒன்றை மட்டும் சட்டென்று விட்டுவிடுவார். மிச்சமிருப்பது வளைந்து போய் நிற்பது போலக் கேட்கும். அடிப்பதை மட்டும் கேட்டாய், விடுவதைக் கேட்கவில்லை.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

சார், உங்கள் பதிவுகள் எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய ஆள் என்றால் 40 வயசு வரைக்கும் ஏன் யாரும் சீந்தவில்லை? சாக்ஸபோன் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1945-லேயே ஸ்டார். மங்க் பெயர் வெளியே வந்தது 1957-ல். "காலத்துக்கு முந்திப் பிறந்தவர், உலகம் புரிந்துகொள்ளவில்லை" என்பது தோற்ற எல்லோருக்கும் நாம் தைத்துக் கொடுக்கிற சட்டை. நான் படித்தவரையில் அவர் கச்சேரிக்கு லேட்டாக வருவார், நாள்கணக்கில் பேசமாட்டார், தூங்கிவிடுவார். அப்படிப்பட்டவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

பழைய_ரெக்கார்டு எழுதியது:

லேட்டாக வந்தது உண்மை. பேசாமல் இருந்தது உண்மை. ஆனால் அந்த வருஷங்கள் காணாமல் போனதற்கு அது காரணம் இல்லை. காரணம் ஒரு அட்டை.

1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் ஒரு சட்டம் இருந்தது. மது விற்கிற எந்த இடத்திலும் வாசிக்கவோ பாடவோ வேண்டுமானால் போலீஸ் கொடுக்கும் காபரே கார்டு கையில் இருக்க வேண்டும். கைரேகை வைத்து வாங்க வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வழக்கு ஏதாவது வந்தால் போலீசே பிடுங்கிக்கொள்ளும். ஜாஸ் என்றால் கிளப், கிளப் என்றால் மது. ஆக, கார்டு போனால் உலகத்தின் ஜாஸ் தலைநகரத்தில் ஜாஸ் வாசிக்க முடியாது. பாடகி பில்லி ஹாலிடேவுக்கும் இதே கதிதான். கார்னகி ஹாலில் பாடலாம், நாலு தெரு தள்ளி ஒரு சின்னக் கிளப்பில் பாடக்கூடாது.

1951 ஆகஸ்டில் மங்க்கும் அவர் நண்பரான பியானோக்காரர் பட் பவலும் காரில் இருந்தபோது போலீஸ் சோதனை போட்டது, போதை மருந்து கிடைத்தது. மங்க் வாயைத் திறக்கவில்லை. நண்பனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தார். 60 நாள் சிறை. கார்டு போயிற்று. அடுத்த ஆறு வருஷம் தன் சொந்த ஊரில் அவருக்குத் தொழில் கிடையாது. 33 வயசிலிருந்து 39 வரை. ஒரு வித்வானுக்கு அது எப்படிப்பட்ட வயசு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டுடியோவில் வாசிக்கலாம், வெளியூர் போகலாம், அவ்வளவுதான். ப்ரெஸ்டீஜ் கம்பெனிக்குச் சில தட்டுகள் போட்டார், விற்கவில்லை. 1955-ல் ரிவர்சைட் என்ற புதுக் கம்பெனி அவரை எடுத்துக்கொள்ள முன்வந்தபோது, ப்ரெஸ்டீஜுக்கு அவர் அடைக்க வேண்டிய முன்பணப் பாக்கியைக் கட்டிக் கூட்டி வந்தார்கள். தொகை எவ்வளவு தெரியுமா? 108 டாலர் 27 சென்ட். பைசா சுத்தமாக. தெலோனியஸ் மங்க்கின் சந்தை விலை அன்றைக்கு அவ்வளவு.

அதனால், "விசித்திரமானவர், அதனால் வேலை இல்லை" என்று எங்கே படித்தாலும் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். வேலையைப் பறித்தவன் பெயரை அந்த வாக்கியம் மறைக்கிறது.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

கார்டு விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1947-லிருந்து 51 வரை கார்டு இருந்ததே? அப்போதும் கூட்டம் வரவில்லை என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்.

பழைய_ரெக்கார்டு எழுதியது:

நியாயம். அப்போது கெடுத்தது விளம்பரம் என்பேன். "பீபாப்பின் பிரதான பூசாரி" (பீபாப் என்றால் 40-களில் பிறந்த புது வகை ஜாஸ்) என்று பட்டம் கட்டி, கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகப் படம் போட்டு, மர்ம மனிதன் போல விற்றார்கள். மர்மம் பார்க்க வந்தவன் இசை கேட்பானா?

தவிர, உழைத்த இடத்துக் கூலியும் அவருக்குச் சரியாக வந்து சேரவில்லை. 1940-களின் தொடக்கத்தில் ஹார்லெமில் மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்ற இடத்தில் அவர்தான் நிலைய பியானோக்காரர், கென்னி கிளார்க் டிரம்ஸ். பார்க்கர், கில்லெஸ்பி, சார்லி கிறிஸ்டியன் எல்லாம் ராத்திரி அங்கே வந்து மோதிப் பார்த்தார்கள். பீபாப்பின் சுரக்கொத்துகளில் பாதி அந்த மேடையில் பிறந்தது. பெயர் வாங்கியவர்கள் வேறு. 'ரவுண்ட் மிட்நைட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944-ல் கூட்டி வில்லியம்ஸ் தன் ஆர்கெஸ்ட்ராவில் முதலில் பதிவு செய்தார், செய்த கையோடு இசையமைத்தவர் வரிசையில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பிறகு வரி எழுதியவர் பெயரும் சேர்ந்தது. ஜாஸ்காரர்கள் எழுதிய மெட்டுகளில் அதைவிட அதிகம் பதிவானது வேறில்லை என்பார்கள், ராயல்டியோ மூன்று பங்கு.

பனிக்கால_யாழ் எழுதியது:

வணக்கம், நான் டொரோண்டோவில இருக்கிறன். வேர்ஹவுஸில இரவு வேலை. விடிய ரெண்டு மணிக்குப் பிறகு காதில ஏதாவது ஓடாட்டி நித்திரை தூக்கிப்போடும். மங்க் எனக்கு அப்பிடித்தான் வந்தவர். மற்றப் பியானோக்காரர் எல்லாம் என்னைத் தாலாட்டினவை, இவர் மட்டும்தான் விடாமல் எழுப்பினவர். அடுத்த சுரம் எங்க விழும் எண்டு தெரியாமல் காத்துக்கொண்டே இருப்பன், பெட்டி அடுக்கினதே தெரியாது.

ரெக்கார்டு அண்ணா எல்லாம் சொன்னவர், நெல்லியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அந்த ஆறு வருசமும் வீட்டு வாடகை ஆர் கட்டினது? மனுசி நெல்லிதான் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் கொண்டு போனவ. ரெண்டு பிள்ளையள். வீடு எவ்வளவு சின்னன் எண்டால், பியானோவில பாதி குசினிக்குள்ள நிண்டது. அந்தப் படம் இணையத்தில கிடைக்கும், பாருங்கோ. அந்த வீடும் ஒருக்கால் எரிஞ்சு போனது.

1957-ல நெல்லிக்குத் தைராய்டு ஒப்பரேசன். மங்க் பதறிப் போனார். அந்த நேரம் எழுதினதுதான் 'கிரெப்பஸ்க்யூல் வித் நெல்லி'. நெல்லியோட ஒரு அந்திப்பொழுது எண்டு வையுங்கோவன். இதில ஒரு விசயம் கவனிச்சனீங்களோ? ஜாஸ் எண்டால் மெட்டு ஒருக்கா, பிறகு கற்பனையா ஓடுறதுதானே. இந்த ஒரு பாட்டில மட்டும் அவர் ஓட மாட்டார். எழுதினதை எழுதினபடியே வாசிப்பார், பாண்டில இருக்கிறவையையும் ஓட விடமாட்டார். தொட்டால் கலைஞ்சு போகும் எண்டு நினைச்சாரோ என்னவோ. மெத்தச் சின்னப் பாட்டு. ஆனால் முடியேக்க எனக்கு ஒவ்வொரு முறையும் கை நிண்டுடும்.

அரைக்கட்டை எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அதைக் கேட்டேன். மூன்று முறை. இன்னும் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் "தப்பு" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு சுரக்கொத்துக்கும் நடுவில் அவர் நிறுத்துகிற இடம் நீளமாக இருக்கிறது. என் மாஸ்டர் இருந்தால் "டெம்போ!" என்று கத்துவார்.

அதீத_எடுப்பு எழுதியது:

உள்ளே வரலாமா? மிருதங்கம் வாசிப்பவன், மேற்கத்திய இசையில் அரைகுறை. எனக்கு மங்க் புரிந்தது தாளத்தின் வழியாகத்தான். பாட்டு, 'ஸ்ட்ரெய்ட் நோ சேஸர்'. 12 பார் ப்ளூஸ் (பார் என்றால் நம் ஆவர்த்தம் மாதிரி ஒரு தாளச் சுற்று), உலகத்தில் எல்லோரும் வாசிக்கிற அமைப்பு. மெட்டு என்று பார்த்தால் ஒரே ஒரு சின்னச் சொல், ஏறிப் போய் முடியும். அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் பாருக்குள் அது விழும் இடம் வேறு. ஒரு முறை அடிக்கு முன்னால் எடுக்கிறார், ஒரு முறை அடி தாண்டி. சில சமயம் வால் நீளுகிறது, சில சமயம் பாதியில் வெட்டுகிறார். கையில் போட்டுக்கொண்டே கேளுங்கள், இரண்டாவது வரியில் கை தடுமாறும். அவர் தடுமாறவில்லை, 12-வது பாரில் கச்சிதமாக வந்து நிற்கிறார்.

என் காதுக்கு அது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், மாற்றிப் பாடுவது மாதிரிதான். தாளத்துக்கு முன்பே எடுத்தால் அதீதம், தாண்டி எடுத்தால் அனாகதம். என் பெயருக்கே காரணம் அதுதானே.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

வந்துவிட்டீர்களா. எதைக் கண்டாலும் இழுத்துவந்து தனியாவர்த்தனத்தில் கட்டாதீர்கள் ஐயா. அவர் எடுத்தது சர்ச்சிலிருந்தும் ஹார்லெம் ஸ்ட்ரைடிலிருந்தும். அவருக்கு அதீதமும் தெரியாது அனாகதமும் தெரியாது.

அதீத_எடுப்பு எழுதியது:

அவர் நம்மிடமிருந்து எடுத்தார் என்று நான் எங்கே சொன்னேன்? எனக்குக் கேட்க வழி கிடைத்தது என்றுதான் சொன்னேன். நேரடித் தொடர்பு வேண்டுமானால் மறுபக்கமிருந்து ஒன்று உண்டு: விஜய் ஐயர். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, இன்றைக்கு ஹார்வர்டில் பேராசிரியர். தன் பியானோவுக்கு மங்க்தான் ஆதாரம் என்கிறார். 2010-ல் வந்த அவருடைய தனி பியானோ ஆல்பத்தில் 'எபிஸ்ட்ரஃபி' இருக்கிறது, 2015 ட்ரையோ ஆல்பத்தில் 'வொர்க்' இருக்கிறது. இரண்டுமே மங்க் பாட்டு. கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள், காத்திருக்கிறேன்.

பழைய_ரெக்கார்டு எழுதியது:

தாளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்', 1956 அக்டோபர், ரிவர்சைடுக்காக. சாக்ஸில் சோனி ரோலின்ஸ், எர்னி ஹென்றி. பேஸில் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) ஆஸ்கர் பெட்டிஃபோர்ட். டிரம்ஸில் மேக்ஸ் ரோச். இதைவிடக் கெட்டிக்காரக் கூட்டம் அன்றைக்கு நியூயார்க்கில் கிடையாது. பாட்டோ வழக்கமான 32 பார் கிடையாது, 8, 7, 7 என்று 22 பார். அது போதாதென்று ஒரு சுற்று நிதானமாகப் போய், அடுத்த சுற்று இரட்டை வேகம். 25 முறை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு முறைகூட முழுசாக முடிக்க முடியவில்லை. ஹென்றிக்கு அழுகையே வரும்போல ஆகிவிட்டது. பெட்டிஃபோர்டுக்கும் மங்க்குக்கும் வாய்ச் சண்டை. ஒரு டேக்கில் பேஸ் சத்தமே கேட்கவில்லை என்று மைக்கைச் சோதித்துப் பார்த்தால், மனுஷன் தந்தியைத் தொடாமல் சும்மா கை அசைத்துக்கொண்டிருந்தார் என்று தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸ் பின்னாளில் சொன்னார். கடைசியில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித்தான் பாட்டு வெளியே வந்தது. இன்று நாம் கேட்பது அந்த ஒட்டு.

அரைக்கட்டை, உன் மாஸ்டரிடம் சொல். நாலு பேரும் கில்லாடிகள், பாட்டுதான் அவர்களைவிட ஒரு படி மேலே இருந்தது.

1957-ல் கார்டு திரும்பக் கிடைத்தது. அந்த ஜூலையில் கூப்பர் ஸ்கொயரில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன மது விடுதியில் உட்கார்ந்தார். ஓவியர்களும் கவிஞர்களும் பியர் குடிக்க வருகிற இடம். சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். அதே வசந்தத்தில்தான் கோல்ட்ரேனின் போதைப் பழக்கத்தால் மைல்ஸ் டேவிஸ் தன் குழுவிலிருந்து அவரை வெளியே அனுப்பியிருந்தார். ஆக, கார்டு திரும்பியவரும் வேலை போனவரும் ஒரே மேடையில். டிசம்பர் கடைசி வரை வாசித்தார்கள், வாசலில் வரிசை நின்றது. மங்க்கோடு வாசிக்கும்போது ஒரு சுரக்கொத்தைத் தவறவிட்டால், லிஃப்ட் வராத குழிக்குள் கால் வைத்த மாதிரி என்று கோல்ட்ரேன் பிறகு சொன்னார். மங்க் எழுந்து போய் ஆடுகிறார் என்றாயே, அந்த நேரத்தில் கோல்ட்ரேன் பேஸும் டிரம்ஸும் மட்டும் துணையாக, சுரக்கொத்து போட்டுத் தாங்க ஆளில்லாமல் நின்றார். அந்த வெறுமையில் அவர் என்ன கற்றார் என்பது அடுத்த பத்து வருஷத்தில் உலகத்துக்கே தெரிந்தது.

அந்தக் கூட்டணியின் நல்ல பதிவு ரொம்ப வருஷம் கிடையாது. 2005-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பழைய டேப்களை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது லாரி ஆப்பல்பாம் என்ற நூலக அலுவலரின் கையில் சில பெட்டிகள் சிக்கின. 1957 நவம்பர் 29, கார்னகி ஹால், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமெரிக்க அரசு வானொலி எடுத்த பதிவு. ஒரு டேப்பின் மேல் 'டி. மங்க்' என்று மட்டும் கிறுக்கியிருந்தது. 48 வருஷம் அலமாரியில் கிடந்திருக்கிறது. அரைக்கட்டை, நீ தொடங்க வேண்டிய இடம் அதுதான். கோல்ட்ரேன் கொட்டோ கொட்டென்று கொட்ட, மங்க் ஒன்றிரண்டு சுரம் மட்டும் போடுவார்.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

சரி, 57-க்குப் பிறகு சுபம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய_ரெக்கார்டு எழுதியது:

ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம். 1958 அக்டோபரில் பால்டிமோருக்குக் கச்சேரிக்குப் போகும் வழி, டெலவேரில் நியூ காசில். கார் நிக்காவுடையது. நிக்கா என்றால் பனோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டர், ராத்ஸ்சைல்டு என்ற பெரும் பணக்கார வங்கிக் குடும்பத்துப் பெண். 1954-ல் பாரிசில் மேரி லூ வில்லியம்ஸ் அறிமுகம் செய்துவைத்ததிலிருந்து மங்க் குடும்பத்துக்குக் கடைசி வரை துணை நின்றவர். மங்க் தண்ணீர் குடிக்க ஒரு மோட்டலில் இறங்கினார். விலையுயர்ந்த கார், வெள்ளைக்காரப் பெண், ஆறடிக்கு மேல் வளர்ந்த, கேட்டதற்குப் பதில் பேசாத ஒரு கறுப்பு மனிதர். மோட்டல்காரர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். கார் கதவைப் பிடித்திருந்த கையின் மேல் தடியால் அடித்தார்கள். பியானோ வாசிக்கிறவர் கை. வண்டியில் கஞ்சா இருந்தது, அது தன்னுடையது என்று நிக்கா பழியை ஏற்றார். அவருக்கு மூன்று வருஷம் தண்டனை விதித்து, பின்பு மேல்முறையீட்டில் விடுபட்டார். மங்க்குக்குக் கார்டு மறுபடி போயிற்று.

பனிக்கால_யாழ் எழுதியது:

"பதில் பேசாத" எண்டு எழுதினீங்கள் அண்ணா, அது நோய், வருத்தம். அவருக்கு நாள்கணக்காகப் பேச்சு நிண்டுபோறது, நித்திரை வராமல் அறைக்குள்ள நடக்கிறது எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரியில வச்சவை, தோரசைன் எண்ட மனநோய் மருந்து குடுத்தவை. அதைக் கொண்டுபோய்ப் பத்திரிகைக்காரர் கோமாளி வேசம் போட்டுவிட்டவை. வருத்தத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு காசு குடுத்து டிக்கெட் வாங்கின சனமும் இருந்தது.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

இது வரைக்கும் நான் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறேன். கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி காலத்துக்கு வாருங்கள், அங்கே விடமாட்டேன். 1962-ல் பெரிய கம்பெனி ஒப்பந்தம். 1964 பிப்ரவரியில் டைம் பத்திரிகை அட்டைப்படம். அதற்கு முன் ஜாஸில் அந்த அட்டையில் வந்தவர்கள் ஆர்ம்ஸ்ட்ராங், ப்ரூபெக், எலிங்டன். கார்டும் இருக்கிறது, காசும் வருகிறது, ஜப்பான் வரை கச்சேரி. என்ன செய்தார்? பழைய பாட்டையே வாசித்தார். 'ப்ளூ மங்க்', 'எபிஸ்ட்ரஃபி', 'ரிதமனிங்', சுழற்சி முறையில். சாக்ஸில் பதினோரு வருஷம் அதே சார்லி ரவுஸ். மெட்டு, ரவுஸ் சோலோ, மங்க் சோலோ, பேஸ் சோலோ, டிரம்ஸ் சோலோ, மறுபடி மெட்டு. மினிபஸ் மாதிரி எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகும். புதுப் பாட்டு எத்தனை எழுதினார்? விரல் விட்டு எண்ணலாம்.

பழைய_ரெக்கார்டு எழுதியது:

இதில் பாதி உங்களுக்குத்தான். 60-களில் புது மெட்டு குறைவு, மறுக்க முடியாது. டைம் அட்டையும் 1963 நவம்பர் கடைசியில் வந்திருக்க வேண்டியது, கென்னடி கொலையால் தள்ளிப்போனது. அது வந்தபோது அவருக்கு 46. எழுதவேண்டியதில் பெரும்பங்கை நாற்பது வயசுக்குள்ளேயே எழுதி முடித்திருந்தார். கேட்க ஆளில்லாத காலத்தில் எழுதியதை, கேட்க ஆள் வந்தபோது வாசித்தார். இதைக் குறை என்பதா?

மொத்தம் எழுபது பாட்டு அளவுதான் எழுதினார். எலிங்டன் ஆயிரத்துக்கு மேல். ஆனாலும் எலிங்டனுக்கு அடுத்து ஜாஸில் அதிகம் பதிவானவை மங்க்கின் பாட்டுகள்தான். எழுபதைத் திரும்பத் திரும்ப வாசித்தார் என்பதை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

ரவுஸை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். மங்க் விடுகிற இடைவெளியில் கை வைக்காமல் வாசிக்கத் தெரிந்தவர் அவர். கோல்ட்ரேன் மங்க்கிடம் படித்தார், ரவுஸ் மங்க்கோடு வாழ்ந்தார். 1968-ல் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு எடுத்த அந்தக் கடைசி கொலம்பியா ஆல்பம் இருக்கிறதே, அதை வேண்டுமானால் சேர்ந்து திட்டலாம். தயாரிப்பாளர் தன் சொந்தப் பாட்டு இரண்டை அதில் நுழைத்திருந்தார்.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

அதைத் திட்ட நான் ரெடி.

அதீத_எடுப்பு எழுதியது:

அதே 1968 அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொல்லலாமா? கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளி. டேனி ஷெர் என்ற 16 வயசுப் பையன் தன் பள்ளிக்கூட அரங்கில் வாசிக்க மங்க்கைக் கூப்பிட்டான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட வருஷம். பக்கத்தில் கிழக்குப் பாலோ ஆல்டோவில் கறுப்பின மக்கள், இந்தப் பக்கம் வெள்ளையர்கள், இரண்டுக்கும் ஆகாது. பையன் இரண்டு ஊரிலும் போஸ்டர் ஒட்டினான். மங்க் நிஜமாக வருவார் என்று யாரும் நம்பவில்லை, வந்தால் டிக்கெட் வாங்கலாம் என்று வாசலில் காத்து நின்றார்கள். வேன் வந்தது, ஜன்னல் வழியாக பேஸ் நீட்டிக்கொண்டிருந்தது, டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. பள்ளியின் துப்புரவுப் பணியாளர் ஒருவர், பியானோவுக்குச் சுருதி சேர்த்துத் தருகிறேன், பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். அந்த டேப் 2020-ல் ஆல்பமாக வந்தது. கேள்வி ஐயா, நீங்கள் சொன்ன அதே மினிபஸ்தான், அதே ஸ்டாப்புகள்தான். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

கேட்டேன். டிரம்ஸில் பென் ரைலி என்னமாய் வாசித்திருக்கிறார். மினிபஸ் என்றதை வாபஸ் வாங்கவில்லை, ஜன்னலோரம் இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரைக்கட்டை எழுதியது:

கடைசியில் என்ன ஆனார்? விக்கிபீடியா பார்க்கலாம், உங்களிடம் கேட்கத்தான் பிடித்திருக்கிறது.

பழைய_ரெக்கார்டு எழுதியது:

கொலம்பியா கைவிட்டது. 1971-ல் கில்லெஸ்பி, ஆர்ட் ப்ளேக்கி இவர்களோடு 'ஜயன்ட்ஸ் ஆஃப் ஜாஸ்' என்று உலகம் சுற்றினார். அந்த நவம்பரில் லண்டனில் வாசித்ததுதான் தன் பெயரில் கடைசி ஸ்டுடியோ பதிவு. 1976-க்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் வீஹாக்கனில் நிக்காவின் வீடு. வீடு நிறையப் பூனை. அவர் அறையில் பியானோ இருந்தது, தொடவில்லை. கோட்டும் டையும் அணிந்து கட்டிலில் படுத்திருப்பார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நெல்லி கூடவே இருந்தார். பாரி ஹாரிஸ் என்ற இன்னொரு பியானோக்காரரும் அதே வீட்டில் இருந்தார். 1982 பிப்ரவரி 17-ல் பக்கவாதத்தில் இறந்தார், 64 வயசு. 2006-ல் புலிட்சர் சிறப்பு விருது. 24 வருஷம் கழித்து.

ஏன் நிறுத்தினார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவர் சொல்லவில்லை.

அவர் விரலில் ஒரு பெரிய மோதிரம் இருக்கும், வீடியோவில் பார்த்திருப்பாய். ஆங்கிலத்தில் மங்க் என்று எழுதியிருக்கும். MONK என்பதைத் தலைகீழாகப் பிடித்தால் KNOW, அதாவது 'தெரியும்' என்ற சொல்லாகப் படிக்கலாம்.

அரைக்கட்டை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இடையில் 'ப்ளூ மங்க்' எடுத்துப் பழகினேன். மெட்டு கைக்குச் சுலபம், ஏணி மாதிரி ஏறி இறங்குகிறது. நேற்று வகுப்பில் வாசித்தேன். விரலைத் தட்டையாக வைத்ததற்கு மாஸ்டர் திட்டினார். பிறகு ரெக்கார்டு சார் சொன்னபடி இரண்டு கட்டையைச் சேர்த்து அடித்து ஒன்றை விட்டேன். மாஸ்டர் ஸ்கேலைத் தேடுவார் என்று பார்த்தால், "இன்னொரு தடவை செய்" என்றார்.

எல்லாத்துக்கும்_கேள்வி எழுதியது:

எந்த இரண்டு கட்டை?

அரைக்கட்டை எழுதியது:

டி ஃபிளாட், டி. கறுப்பு ஒன்று, பக்கத்து வெள்ளை ஒன்று.

பழைய_ரெக்கார்டு எழுதியது:

எதை விட்டாய்?

அரைக்கட்டை எழுதியது:

முதல் தடவை கறுப்பை. அவர் மறுபடி செய்யச் சொன்னபோது வெள்ளையை.